கடைமடையில் ஒரு கொல்லை

பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். கண்ணுக்கு எட்டிய வரை நெல், அதை விட்டால் கரும்பு, இடையிடையே வாழை. இங்கே குடிவந்த புதிதில் எனக்குப் பிடிபடாமலே இருந்த விஷயம் ஒன்று உண்டு. காலையில் கூவிக்கொண்டு வரும் காய்க்காரர் கத்தரிக்காயையும் தக்காளியையும் புதுச்சேரிப் பெரிய மார்க்கெட்டிலிருந்து வண்டியில் ஏற்றி வருகிறார். சோற்றுக்கான நெல் பக்கத்து வயலில் விளைகிறது. குழம்புக்கான காய் 20 கிலோமீட்டர் தாண்டி வருகிறது. இத்தனைக்கும் ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் கொல்லை இருக்கிறது. சிலர் அதில் சிமென்டு போட்டு வண்டி நிறுத்துகிறார்கள். மற்றவர்கள் கொல்லையில் கருவேலமும் பார்த்தீனியமும் ஆள் உயரம் நிற்கின்றன.

எங்கள் கொல்லையும் அப்படித்தான் கிடந்தது. வேலைக்காலம் முழுக்க முத்தியால்பேட்டையில் வாடகை மாடியில் இருந்துவிட்டு, பணி ஓய்வுக்குப் பிறகு 2024 தொடக்கத்தில் கணவரின் பூர்விக வீட்டுக்கு வந்தோம். பாகூர் கொம்யூனில், ஏரிப் பாசனத்தின் கடைமடையில் இருக்கும் சின்ன ஊர். மாடியில் துளசியும் ஒரு ரோஜாத் தொட்டியும் வளர்த்ததைத் தவிர மண்ணோடு எனக்குப் பழக்கம் கிடையாது. காய்கறி போட வேண்டும் என்ற ஆசை மட்டும் வெகுநாளாக இருந்தது.

பக்கத்து வீட்டு ஆயாவுக்கு எண்பது வயது தாண்டியிருக்கும். கருவேலம் வெட்ட ஆள் விட்டிருந்த அன்று வேலியோரம் வந்து நின்று பார்த்தார். என்ன போடப் போகிறாய் என்று கேட்கவில்லை.

"ஏம்மா, நீங்க குளிக்கிற தண்ணி எங்க போவுது?" என்றார்.

செப்டிக் டேங்குக்குப் போகிறது என்றேன்.

"அப்ப கொல்ல எப்பிடி வரும்?"

அதற்குமேல் அவர் சொன்னதை எல்லாம் கேட்க எனக்கு ஒரு மாலை முழுக்க ஆயிற்று. ஆயா மருமகளாக வந்த காலத்தில் இந்தத் தெருவில் காய்கறிச் செடிக்கென்று தனியாக யாரும் தண்ணீர் இறைத்ததில்லை. கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாழைக்கும் சேம்புக்கும் போனது. பாத்திரம் விளக்கிய தண்ணீர் அவரைப் பந்தலுக்குப் போனது. விறகடுப்புச் சாம்பலில் பாதி பாத்திரம் விளக்க, பாதி செடிக்கு. கட்டுத்தறியில் மாடு நின்றது; சாணமும் கோமியம் ஊறிய கூளமும் எருக்குழியில் சேர்ந்தன. அரிசி களைந்த கழுநீர் மட்டும் செடிக்கு வராது, அது மாட்டுக்கு. பிறகு காஸ் அடுப்பு வந்தது, சாம்பல் நின்றது. மேய்க்க ஆளில்லாமல் மாட்டை விற்றார்கள், எரு நின்றது. வீட்டுக்குள் குளியலறை கட்டினார்கள், தண்ணீரும் நின்றது.

கிராமத்துக் கொல்லைகள் காய்ந்ததற்குச் சோம்பல் காரணம் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வரத்து வாய்க்கால் தூர்ந்த ஏரியில் தண்ணீர் நிற்காது. கொல்லைக்கும் மூன்று வரத்து இருந்தது, மூன்றும் அடைபட்டன. காஸும் குளியலறையும் வந்ததைக் குறையாகச் சொல்லவும் எனக்கு வாய் வராது. ஊதாங்குழலும் புகையுமாகத் தன் கண் கெட்டதை ஆயா மறக்கவில்லை. அந்த வேலையெல்லாம் பெண்கள் தலையில்தான் இருந்தது. ஆனால் காய்கறி போட விரும்பும் யாரும் விதைக்கடைக்குப் போவதற்கு முன்னால் இந்த மூன்று வரத்தையும் எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்று யோசிக்க வேண்டும். எங்கள் கொல்லையில் முதல் செலவு குழாய்க்காரருக்குத்தான் ஆனது.

குளியல் தண்ணீரை மட்டும் பிரித்து, ஜல்லி நிரப்பிய ஒரு குழி வழியாக விட்டு, குழியைச் சுற்றிக் கல்வாழையும் சேம்பும் வைத்து, அதைத் தாண்டி வாழைக்குப் போகும்படி வாய்க்கால் வெட்டினோம். எருவுக்கு, பாண்லே சங்கத்துக்குப் பால் ஊற்றும் வீட்டில் சொல்லி வைத்தேன். பழைய குப்பை எரு ஒரு டிராக்டர் வந்தது. சாம்பலுக்கு ஆயா இருந்தார். அவர் இன்னும் வெந்நீரை விறகில்தான் காய்ச்சுகிறார். மாடு இல்லாததால் கழுநீர் என் கீரைக்கு மிச்சம்.

வேலிக்கு இந்தக் கடற்கரைப் பக்கத்தில் ஒரு வழி இருக்கிறது. நரம்பை, பனித்திட்டு மாதிரி மீனவர் ஊர்களில் கிழிந்த வலை கிடைக்கும். சவுக்குக் கழி நட்டு அந்த வலையைக் கட்டினால் ஆடும் கோழியும் உள்ளே வராது. மிச்ச வலை பந்தல் மேலே விரிக்க ஆகும். கொடி பிடித்து ஏற அதைவிட நல்லது இல்லை. அந்த ஊர்களில் கடலை ஒட்டி இருப்பவர்களுக்குப் போர் தண்ணீர் உப்பாகிவிட்டது, கொல்லையில் முருங்கை தவிர வேறு அதிகம் வருவதில்லை. எங்களுக்கு இன்னும் தண்ணீர் நன்றாக இருக்கிறது. நிலத்தடி நீரை உறிஞ்சுவது இதே வேகத்தில் போனால் எத்தனை காலத்துக்கு என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொல்லை போட்ட பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டேன். தென்பெண்ணையின் குறுக்கே சொர்ணாவூரில் அணைக்கட்டு. அங்கிருந்து பங்காரு வாய்க்கால் தண்ணீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுவருகிறது. தாசிப் பெண்கள் தங்கள் சொத்தைப் போட்டு வெட்டிய வாய்க்கால் என்பது ஊரார் சொல்லும் கதை. புதுவைப் பகுதியில் இருக்கும் 84 ஏரிகளில் பாகூர் ஏரி இரண்டாவது பெரியது. முதலாவது வில்லியனூர்ப் பக்கத்து ஊசுட்டேரி. அதற்குத் தண்ணீர் சங்கராபரணியிலிருந்து. 1999 முதல் சில ஆண்டுகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இந்த 84 ஏரிகளையும் தூர்வாரிச் சீர்செய்யும் திட்டம் நடந்தது. ஊருக்கு ஊர் ஏரிச் சங்கங்கள் அமைந்தன. ஏரி நிறைந்தால் போரில் தண்ணீர் ஏறும். என் வெண்டைக்காய்க்கும் தென்பெண்ணைக்கும் இருக்கும் உறவு அது. அந்த உறவின் மறுபக்கத்தை அந்த ஆண்டு முடிவதற்குள் பார்த்தோம்.

மண்ணைக் குரும்பாப்பேட்டில் இருக்கும் பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போனேன். களிமண், கரிமச்சத்து குறைவு என்றார்கள். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், மழையில் தண்ணீரை விடாமல் பிடித்து வைக்கும் மண். தரையோடு பாத்தி போடாமல் மேட்டுப்பாத்தி போடச் சொன்னார்கள். சங்கதி இதுதான்: எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். வேருக்கும் மூச்சு வேண்டும். களிமண்ணில் தண்ணீர் கட்டி நின்றால் கத்தரியும் மிளகாயும் சில நாளில் வாடிவிடும். தண்ணீருக்குள் நின்றுகொண்டே வாடுவதைப் பார்க்கப் புதியவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். எருவோடு மட்கிய கரும்புச் சோகையையும் கலந்து முழங்கால் அளவுக்குக் கொஞ்சம் குறைவாகப் பாத்தியை உயர்த்தினோம்.

ஆடி பிறந்தது. ஆடிப்பட்டம் தேடி விதை என்று எல்லோரும் சொல்கிறோம். இந்தப் பக்கத்தில் அதன் பொருள் கணக்குப் போட்டால் விளங்கும். ஆடியில் போட்ட வெண்டை நாற்பத்தைந்து நாளில் காய்க்கத் தொடங்கும். புரட்டாசி முழுக்கப் பறிக்கலாம். பெருமழை வரும்போது செடி தன் கடமையை முடித்திருக்கும். முதல் விதைகளில் கொஞ்சம் உழவர் உதவியகத்தில் வாங்கியவை, மற்றவை ஆயாவுடையவை. ஆயாவின் விதைச் சேமிப்பைப் பார்க்க வேண்டும். பூசணி விதையும் அவரை விதையும் சாணி வரட்டிக்குள் பதித்துச் சுவரில் ஒட்டியிருந்தன. கத்தரி விதை சாம்பலோடு பிசறிக் காயவைத்துத் துணி முடிச்சில். பீர்க்கு முற்றிக் காய்ந்த கூடோடே உத்திரத்தில் தொங்கியது. மிளகாய் வற்றல் தனியாக. எல்லாம் தலைக்கு மேலே, பரணிலும் உத்திரத்திலும். எலிக்குப் பயந்து என்று நினைத்தேன்.

கீரை விதையை மணலோடு கலந்து தூவச் சொன்னார், அப்படியே தூவினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். வெண்டையை இரவு ஊறவைத்து ஊன்றச் சொன்னார். கத்தரி நாற்றங்காலைச் சுற்றிச் சாம்பல் வளையம், எறும்பு விதையைத் தூக்காமல் இருக்க. நாற்றை வெயில் தாழ்ந்த பிறகு பிடுங்கி நட்டு, அன்றைக்கே உயிர்த்தண்ணீர் விட வேண்டும். செடிக்குச் செடி இரண்டடி விடு என்றார். விரல் நீள நாற்றுக்கு இரண்டடி அநியாயமாகத் தோன்றியது. ஆவணி முடிவில் இலைகள் ஒன்றை ஒன்று தொட்டபோது அவர் கணக்குச் சரியாக இருந்தது.

கொடிகள்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தவை. சுரையும் பூசணியும் முதலில் பூத்த பூக்கள் எல்லாம் உதிர்ந்தன. கொடிக்கு நோய் என்று நானாகவே முடிவுக்கு வருவதற்குள் ஆயா ஒரு பூவைக் கிள்ளிக் காட்டினார். அடியில் பிஞ்சு இல்லை. ஆண்பூ. முதல் சில நாட்களுக்கு ஆண்பூதான் வரும், பின்னாலேதான் பிஞ்சோடு பெண்பூ தலைகாட்டும். பூசணி விடியற்காலையில் விரிந்து வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடுகிறது, அதற்குத் தேனீ வர வேண்டும். சுரையும் பீர்க்கும் புடலையும் பொழுது சாயும்போது மலர்கின்றன. அவற்றுக்கு இரவில் அந்துப்பூச்சி வரும். தேனீ குறைவாக இருந்த நாட்களில் நானே ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தடவினேன். காலை ஆறு மணிக்கு அந்த வேலையைச் செய்யும்போது இருந்த பரபரப்பு, முப்பது ஆண்டுக்கு மேல் கோப்புகளைத் தள்ளிய கைக்குப் புதிது. புடலம்பிஞ்சு சுருளாமல் நீள நுனியில் சின்னக் கல்லைக் கட்டினோம். பழ ஈக்குக் கருவாடு. துளை போட்ட பாட்டிலில் கருவாட்டை நனைத்துத் தொங்கவிட்டால் ஈ தேடி வந்து விழுகிறது. பாகற்காய் அதனால் தப்பித்தது.

மூலையில் தானாக முளைத்த பப்பாளியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி வந்தது. மருந்து கேட்டபோது, அடிக்க வேண்டாம், பொறுத்துப் பாருங்கள் என்று அதே குரும்பாப்பேட்டில் சொன்னார்கள். மெக்சிகோவிலிருந்து உலகம் சுற்றிய பூச்சி அது; 2008இல் கோயம்புத்தூரில் முதலில் கண்டார்கள். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழ்நாடு முழுக்க அழித்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைச் சின்னஞ்சிறு குளவிகளைக் கொண்டுவந்து வளர்த்து விட்டார்கள். அவற்றில் அசிரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி மாவுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே முட்டையிட்டு அதை ஒழித்தது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அந்தக் குளவி இப்போது இங்கேயே நிலைத்துவிட்டது. நாம் மருந்து அடித்தால் முதலில் சாவது அதுதான். பொறுத்தேன். பூச்சி குறைந்தது. அதன் பிறகு கொல்லைக்குள் கடை மருந்து எதையும் நான் கொண்டுவரவில்லை.

வில்லியனூர் கொம்யூனில், ஊசுட்டேரிக்கு மேட்டுப்புறம் செம்மண் பூமியில் என் பெரியம்மா இருக்கிறார். அதே விதைகளை அவருக்கும் கொடுத்திருந்தேன். அங்கே தண்ணீர் நிற்பதே இல்லை, காலையில் விட்டது மாலைக்குள் காணாமல் போகும். அவருடைய வெண்டை என்னுடையதைவிட முன்னால் காய்த்தது. கீரையோ சோர்ந்தே நின்றது. சோகையைக் கனமாக மூடாக்குப் போட்ட பிறகு தெளிந்தது. பெரியம்மா என்னைப் போலப் புதியவர் இல்லை. 1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கணினி வழியே செய்தி சொல்லும் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. எம்பலத்தில் கோயில் இடத்தில் பெண்களே ஒரு மையத்தை நடத்தினார்கள். வீராம்பட்டினத்தில் அலை எவ்வளவு உயரம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 'நம்ம ஊரு செய்தி' என்ற பத்திரிகையும் வந்தது. இணையம் என்ற சொல்லையே நகரத்தில் பலர் அறியாத காலம் அது. பெரியம்மா அந்தப் பத்திரிகையின் சில பிரதிகளைப் பெட்டியில் வைத்திருக்கிறார். அவரோடு நான் தொலைபேசியில் பேசுவதில் பாதி இப்போது செடியைப் பற்றித்தான்.

அவரை மட்டும் பூக்கவில்லை. பந்தல் முழுக்க இலை. ஐப்பசியிலும் இலை. "பனி எறங்கட்டும்" என்றார் ஆயா. பந்தல் அவரை பகல் நீளம் குறைந்தால்தான் பூக்கும் பயிர். ஆடியில் போட்டாலும் கார்த்திகை, மார்கழிக்குத்தான் காய்க்கும். எல்லாப் பட்டத்திலும் காய்க்கும் குத்துச்செடி ரகங்கள் வந்துவிட்டன, ருசி பந்தல் அவரைக்குத்தான் என்பது என் கட்சி. கார்த்திகையில் ஊதாப் பூங்கொத்துகள் மேலே எழும்பின. அசுவினி அப்பியதற்குப் பனி ஈரத்தோடு விடியலில் சாம்பல் தூவினோம்.

பூ பிஞ்சாகத் தொடங்கிய வாரத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தது. 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது; கடந்த பிறகும் நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. பந்தல் சாய்ந்தது, முருங்கை முறிந்தது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயலில் தன் பலாமரத்தைப் பறிகொடுத்த ஆயா, இதுவரை பரவாயில்லை என்றார். காற்று நின்றுவிட்டதால் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் அதே புயலின் மழை மேற்கே திருவண்ணாமலை வரை போய்க் கொட்டியிருந்தது. தென்பெண்ணையின் குறுக்கே இருக்கும் சாத்தனூர் அணையில் டிசம்பர் 2 அதிகாலை ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்டார்கள். தென்பெண்ணை கரை கொள்ளவில்லை. பாகூர் கொம்யூனில் ஆற்றோரத்து ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கின. எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு. கொல்லையில் பாத்தி எது, வாய்க்கால் எது என்று தெரியவில்லை. எங்கள் இழப்பைப் பெரிதாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சுற்றிலும் கதிர் விட்ட நெல் அழுகிக் கிடந்தது, கட்டிப்போட்ட மாட்டை இழந்தவர்கள் இருந்தார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தேன். பப்பாளி முதலில் போனது. வேரில் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலே அதற்குத் தாங்காது. கத்தரி, மிளகாய், அவரை எல்லாம் போயின. சேம்பும் கல்வாழையும் பொன்னாங்கண்ணியும் ஒன்றும் நடக்காததுபோல் நின்றன. தரை முழுக்க விரல்கடை கனத்துக்கு வழவழவென்று வண்டல். உடனே கொத்திச் சீர்செய்யலாம் என்று களைக்கொத்தியை எடுத்தபோது ஆயா தடுத்தார்.

"கால வெக்காத. ஈரத்துல மிதிச்சா கல்லாப் பூடும். தானா வெடிச்சி ஓடு ஓடா நிமிரும், அப்பக் கொத்து. ஆத்து வண்டல் காசு குடுத்தாலும் கெடைக்காது."

விதை எல்லாம் போயிற்றே என்றேன். அவர் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்திருந்தது. சுவரில் ஒட்டிய வரட்டிகளில் கீழ் வரிசை கரைந்திருந்தது. மேல் வரிசையும் பரணும் உத்திரமும் நனையவில்லை. அந்த உயரம் எலிக்காக மட்டும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஆற்றோரத்தில் வாழ்க்கைப்பட்ட தலைமுறைகள் விதையை வெள்ளத்துக்கு எட்டாத இடத்தில் வைத்தே பழகியிருக்கின்றன.

தை பிறந்ததும் வண்டலைப் புரட்டி எருவோடு கலந்தோம். பாத்தியை இன்னும் ஒரு சாண் உயர்த்தினோம். முளைக்கீரை, முள்ளங்கி, கொத்தவரை, வெண்டை, ஓரத்தில் வெள்ளரி. ஆடியில் பார்த்த செடிகளுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. கீரையின் தண்டு விரல் கனம். வெள்ளரிக்கு நான் எரு வைக்கவே இல்லை, மாசி முழுக்க அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போனது. காய்க்காரரிடம் அந்த மாதங்களில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் தக்காளியும் மட்டும் வாங்கினேன். அவர் ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டுக் கொல்லைக்குள் வந்து பார்த்து, கொத்தவரை மிஞ்சினால் தனக்குத் தரச் சொன்னார். இரண்டு தடவை கொடுத்தேன்.

அடுத்த ஆடிக்குள் எங்கள் தெருவில் இன்னும் இரண்டு வீடுகளில் குளியல் தண்ணீரைப் பிரித்துக் கொல்லைக்குத் திருப்பிவிட்டார்கள். குழாய்க்காரர் அதே ஆள், ஜல்லிக் குழியை அவரே இப்போது திருத்தமாகப் போடுகிறார். அந்த வீடுகளுக்கான கத்தரி நாற்றும் என் நாற்றங்காலில்தான் நிற்கிறது. நாலு இலை விட்டிருக்கிறது, இன்னும் பத்து நாள் போகட்டும், வெயில் தாழ்ந்து வந்து பிடுங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.